ஐயாயிரம் ரூபாயால் தேர்தல் மாறுமா?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டி (படுகர் கிராமம்) எங்களுடையது. ஒன்றரை ஏக்கர் தேயிலை. இலையைப் பறித்து ஃபேக்டரிக்குப் போடுகிறோம். எங்களுக்குத் தெரிந்த பையன் ஒருவன் வரும் சட்டமன்றத் தேர்தலில் குன்னூர் தொகுதியில் நிற்கப் போகிறான். சின்னக் கட்சி. "பெரிய கம்பெனிகளிடம் கை நீட்ட மாட்டேன், உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று வீடு வீடாக வருகிறான். ஐயாயிரம் கொடுக்க நினைக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் மகன், அங்கே 27 டாலர் நன்கொடையாலேயே ஒருவர் ஜனாதிபதித் தேர்தலைக் கலக்கினார், சிறுதுளி பெருவெள்ளம் என்கிறான். தானும் அனுப்புகிறானாம். கடலில் கரைத்த பெருங்காயம் என்கிறார் வீட்டுக்காரர். அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் மருமகள் தன் பங்குக்கு இரண்டாயிரம் தருகிறேன் என்கிறாள். சின்னப் பணத்தால் உண்மையிலேயே ஏதாவது நடக்குமா? வரிச் சலுகை உண்டா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்:

அம்மா, வணக்கம்.

குன்னூரில் ஆடிட்டர் தொழில் செய்கிறேன். தேயிலை ஃபேக்டரி, காய்கறி மண்டி, லாட்ஜ் என்று வரும் கணக்குகளோடு, தேர்தல் சமயத்தில் வேட்பாளர்களின் செலவுக் கணக்கும் என் மேஜைக்கு வரும். எல்லாக் கட்சிக்காரர்களும் வருவார்கள், சுயேச்சைகளும் வருவார்கள். அதனால் யாருக்குக் கொடுக்கலாம் என்று நான் சொல்வது முறையில்லை. கொடுத்த பணம் எங்கே போகும், எதற்கு ஆகும், எங்கே காணாமல் போகும் என்பதைச் சொல்லலாம்.

முதலில் உங்கள் வீட்டுக்காரர் பக்கம். கட்சித் தலைமைக்குப் போகும் பணம் என்று பார்த்தால் அவர் சொல்வது சரிதான். 2018-இல் தொடங்கி, 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்புச் சொல்லும் வரை, கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வங்கியில் வாங்கும் தேர்தல் பத்திரம் என்று ஒன்று இருந்தது. ஆயிரம் ரூபாய்ப் பத்திரமும் அதில் உண்டு, ஒரு கோடி ரூபாய்ப் பத்திரமும் உண்டு. மொத்தம் விற்றது 16,518 கோடி ரூபாய்க்கு. அந்த மதிப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்களாகவே போனது. ஆயிரம் ரூபாய்ப் பத்திரத்தைச் சீண்ட ஆளில்லை. மலை இறங்கினால் வருகிற கோவையைச் சேர்ந்த ஒரே ஒரு லாட்டரி நிறுவனம் மட்டும் 1,368 கோடிக்கு வாங்கியிருந்தது. இந்தக் கணக்குக்கு நடுவே கோத்தகிரியிலிருந்து போகும் ஐயாயிரத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் உங்கள் பையன் கேட்பது கட்சித் தலைமைக்கு இல்லை, தன் தொகுதிச் செலவுக்கு. அங்கே கணக்கே வேறு.

தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற வேட்பாளர் செலவு செய்யக்கூடிய உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். 2022 ஜனவரியில் தேர்தல் ஆணையம் உயர்த்திய வரம்பு இது. குன்னூர் தொகுதியில் வாக்காளர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி ஒருவர் முழு வரம்பையும் செலவழித்தாலும் ஒரு வாக்காளருக்கு வருவது இருபது ரூபாய். நீங்கள் போடும் இலைக்குக் கிலோ இருபது ரூபாய் என்று வைத்தால் (கூடக் குறைய இருக்கும், அந்த வயிற்றெரிச்சலை நான் கிளப்பவில்லை), ஒரு வாக்காளருக்கு ஒரு கிலோ பச்சை இலை. உங்கள் ஐயாயிரம் 250 கிலோ இலை, அதாவது 250 வாக்காளர்களுக்கான சட்டபூர்வச் செலவு. இரண்டு மூன்று ஹட்டிகளின் ஓட்டு அவ்வளவுதான் இருக்கும்.

நம் மலையில் ஓட்டு வித்தியாசமும் அப்படி ஒன்றும் மலைபோல இருப்பதில்லை. 2021-இல் கூடலூரில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே 1,945 ஓட்டு. குன்னூரில் 4,105. ஊட்டியில் 5,348. மூன்று தொகுதியிலும் கடைசிச் சுற்று எண்ணும் வரை ஏஜென்ட்டுகள் நகம் கடித்துக்கொண்டு நின்ற தேர்தல் அது.

இதைப் படித்ததும் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 250 வாக்காளர்களுக்கான செலவு என்றால் 250 ஓட்டு என்று அர்த்தமில்லை.

உங்கள் மகன் சொல்வது பெர்னி சாண்டர்ஸ் கதை. 2016-இல் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ஆவதற்குப் போட்டியிட்டார், சராசரி நன்கொடை 27 டாலர் என்று மேடைக்கு மேடை சொன்னார். 20 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். எல்லாம் உண்மை. ஹிலாரி கிளிண்டனிடம் தோற்றார் என்பதும் உண்மை. 2020-இல் தென் கரோலினாவில் செனட் பதவிக்கு நின்ற ஜெய்மி ஹாரிசன் இன்னும் ஒரு படி மேலே போனார். நாடு முழுவதிலுமிருந்து சின்னச் சின்னத் தொகையாகக் கொட்டியது. மூன்றே மாதத்தில் 5.7 கோடி டாலர், மொத்தத்தில் 13 கோடிக்கு மேல். எதிரில் நின்ற லிண்ட்சி கிரஹாமிடம் ஏறக்குறைய பத்து சதவீத வித்தியாசத்தில் தோற்றார். அந்த ஊரில் அந்தக் கட்சிக்கு அவ்வளவுதான் ஓட்டு. பணத்தைக் கொட்டினால் டி.வி. விளம்பரம் கூடும், ஓட்டு அதே வேகத்தில் கூடாது.

பணம் ஓட்டாக மாறுகிறதா என்று அங்கே பல பேர் ஆராய்ந்திருக்கிறார்கள். கேரி ஜேக்கப்சன் என்ற அரசியல் ஆய்வாளர் 1978-இல் எழுதியது இன்றைக்கும் பேசப்படுகிறது. ஏற்கெனவே பதவியில் இருப்பவர் கூடுதலாகச் செலவழிப்பதால் பெரிய பலன் இல்லை, எதிர்த்து நிற்கும் புது முகத்துக்குத்தான் பணம் உதவுகிறது என்றார் அவர். புது முகத்தை யாருக்கும் தெரியாதே, பெயரைத் தெரிய வைக்கவே காசு வேண்டும். பின்னால் 1994-இல் ஸ்டீவன் லெவிட் என்ற பொருளாதார அறிஞர் ஒரே இரண்டு பேர் திரும்பத் திரும்ப மோதிய தொகுதிகளை மட்டும் எடுத்துப் பார்த்தார். செலவு கூடியதாலும் குறைந்ததாலும் முடிவு அதிகம் மாறவில்லை என்று கண்டார். ஜெயிக்கிற குதிரை என்று தெரிந்தால் பணம் தானாக வந்து சேரும், பணம் வந்ததால் குதிரை ஜெயித்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம் என்பதே இதில் இருக்கும் விஷயம்.

எனக்குப் பிடித்தது வேறொரு சோதனை. ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இருவர் 1998-இல் நியூ ஹேவன் நகரத்தில் சுமார் 30,000 வாக்காளர்களை எடுத்துக்கொண்டார்கள். சிலர் வீட்டுக் கதவை நேரில் போய்த் தட்டினார்கள், சிலருக்குத் தபால் அனுப்பினார்கள், சிலருக்குப் போன் செய்தார்கள். நேரில் போய்ப் பேசியதில் ஓட்டுப் போட வந்தவர்கள் எண்ணிக்கை கூடியது. தபாலுக்குக் கொஞ்சம் பலன். போனுக்கு இல்லை. இது நம் ஹட்டிகளில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லியிருப்பார் என்பது வேறு விஷயம்.

இப்போது உங்கள் ஐயாயிரத்தை இங்கே கொண்டுவந்து பாருங்கள். குன்னூர் தொகுதி சமவெளித் தொகுதி மாதிரி ஒரு ரவுண்டு பைக்கில் முடிகிற இடம் இல்லை. ஹட்டிக்கும் ஹட்டிக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு. எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போகும் பாதையில் மழை பெய்தால் கார் ஏறாது, ஜீப்தான். இன்றைய நிலையில் ஐயாயிரம் என்றால் வாடகை, டீசல், கூட வரும் பையன்களுக்கு டீ, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு நாள் ஜீப். யாருக்கும் தெரியாத வேட்பாளருக்கு ஒரு நாள் ஜீப் என்பது எட்டுப் பத்து லைன்களில் முகத்தைக் காட்டுவது. அதே ஐயாயிரத்தை போஸ்டருக்குக் கொடுத்தால் அடுத்த நாள் மழையில் ஊறிப்போகும். இந்த வித்தியாசம் முக்கியம். அதனால் பணத்தைக் கொடுக்கும்போதே "தம்பி, இதை எதுக்குச் செலவு பண்ணப் போறே?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவருக்கு இன்னும் ஒரு வாரம் கழித்துக் கொடுக்கலாம்.

சரி, நாம் ரெண்டு பேருமே சொல்லாமல் தாண்டிப் போகும் ஒன்று இருக்கிறது. வாக்காளருக்குச் சட்டப்படி இருபது ரூபாய் என்று கணக்குப் போட்டேன். நிஜத்தில் கவரில் வைத்துக் கொடுப்பது எவ்வளவு என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பணப் பட்டுவாடாவுக்காக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களைத் தள்ளி வைத்தார்கள், 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை ரத்து செய்தார்கள், 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலையே ரத்து செய்தார்கள். என் மேஜைக்கு வரும் செலவுக் கணக்குகளைப் பார்த்தால் இந்த நாட்டு அரசியல்வாதிகளைப் போல் சிக்கனக்காரர்கள் உலகத்தில் இல்லை என்று தோன்றும். அத்தனை பேரும் வரம்புக்குள் அழகாக நிற்பார்கள். ஆக, கவர் கொடுப்பவரோடு உங்கள் ஐயாயிரம் போட்டி போடும் என்று எதிர்பார்க்காதீர்கள். போடாது.

அப்புறம் எதற்குக் கொடுப்பது? இதற்கு என் தொழிலில் இருந்தே பதில் சொல்கிறேன்.

வேட்பாளர் கடைசியாகக் கொடுக்கும் கணக்கில், பணம் எங்கிருந்து வந்தது என்று எழுத மூன்று இடம் உண்டு. சொந்தப் பணம், கட்சி கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது. நான் பார்த்த பெரும்பாலான கணக்குகளில் மூன்றாவது இடம் காலி. சொந்தப் பணம் முப்பது லட்சம் என்று ஒருவர் எழுதினால், ஜெயித்த மறுநாளிலிருந்து அவருக்கு அந்த முப்பது லட்சம்தான் ஞாபகம் இருக்கும். ஒரு காண்ட்ராக்டரிடம் வாங்கி, சொந்தப் பணம் என்று எழுதியிருந்தால் அந்தக் காண்ட்ராக்டரின் ஞாபகம் இருக்கும். மூன்றாவது இடத்தில் முந்நூறு பேர் பெயர் இருந்தால் எம்.எல்.ஏ. ஆன பிறகு இலை விலைக்காக ஒரு மனுவோடு போகும்போது, "உங்க கணக்குல என் பேரும் இருக்கு தம்பி" என்று சொல்ல முந்நூறு பேர் இருப்பார்கள். தோற்றாலும் அடுத்த முறைக்கு அந்த முந்நூறு பேர் இருப்பார்கள். பத்து ரூபாய் கொடுத்தவர் சும்மா இருக்க மாட்டார், பக்கத்து வீட்டில் பேசுவார், ஓட்டுச்சாவடிக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு வருவார். ஓட்டு வாங்குவதைவிட இந்தக் கடனை ஏற்படுத்துவதில்தான் சின்னத் தொகைக்குப் பலம் என்று நான் நினைக்கிறேன்.

இது ஒன்றும் அமெரிக்காவிலிருந்து வந்த பாடம் இல்லை. 1967 தேர்தலுக்கு அண்ணா பத்து லட்சம் ரூபாய் தேர்தல் நிதி வேண்டும் என்றார். அந்தக் காலத்து பத்து லட்சம். கருணாநிதி ஊர் ஊராகத் திரட்டி 11 லட்சமாக விருகம்பாக்கம் மாநாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். வேட்பாளர் பட்டியலைப் படித்த அண்ணா, சைதாப்பேட்டைக்கு வந்ததும் பெயரைச் சொல்லாமல் "11 லட்சம்" என்றே சொன்னது பழைய ஆட்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். அந்தத் தேர்தலில் ஆட்சியே மாறியது. பக்கத்தில் பார்த்தால் 2013-இல் டெல்லியில் ஆம் ஆத்மி கட்சி 20 கோடி போதும் என்று இலக்கு வைத்தது. அது சேர்ந்ததும் இனி வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டது, 70-இல் 28 இடம் பிடித்தது. கொடுத்தவர்கள் பெயரை இணையத்தில் போட்டார்கள். சில வருஷம் கழித்து அந்தப் பட்டியலை எடுத்தும்விட்டார்கள். முந்தையதைப் பாராட்டுகிறவர்கள் பிந்தையதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சின்னப் பணத்தில் வளர்ந்த கட்சி கடைசி வரை சின்னப் பணத்திலேயே நிற்கும் என்று எந்த ஜாதகத்திலும் எழுதவில்லை.

கொடுப்பது என்று முடிவு செய்தால், எப்படிக் கொடுப்பது என்பதில்தான் உங்களைப் போன்ற நல்லவர்கள் சிக்குகிறார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வேட்புமனுத் தாக்கல் செய்வதற்கு ஒரு நாளாவது முன்பு, தேர்தல் செலவுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கை அவர் தொடங்கியாக வேண்டும். அந்தக் கணக்கு அவர் பெயரில் இருக்கலாம், அல்லது அவரும் தேர்தல் முகவரும் சேர்ந்த பெயரில் இருக்கலாம். அண்ணன் பெயரில், மனைவி பெயரில் இருக்கக் கூடாது. சொந்தக் காசானாலும் அதில் போட்டுத்தான் செலவழிக்க வேண்டும். அதனால் க்யூ.ஆர். கோடு நீட்டினால் ஸ்கேன் செய்தவுடன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். வேட்பாளர் பெயர் வராமல் யாரோ ஒரு டிராவல்ஸ் பெயரோ மாமா பெயரோ வந்தால் போனை உள்ளே வைத்துவிடுங்கள். பையன் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமில்லை, விவரம் தெரியாமல் செய்திருப்பான். மாட்டுவது அவன்தான்.

ரொக்கமாகக் கொடுப்பது சட்டப்படி முடியாது என்றில்லை. ஒருவரிடமிருந்து 10,000 ரூபாய்க்கு மேல் வேட்பாளர் ரொக்கமாக வாங்கக் கூடாது, உங்கள் தொகை அதற்குள்தான். ஆனாலும் வங்கி வழியாகவே கொடுங்கள், ரசீது வாங்குங்கள். வேட்பாளருக்குத் தேர்தல் அலுவலகத்தில் ஒரு பதிவேடு கொடுப்பார்கள். அன்றாடச் செலவுக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு ரோஸ் தாள், வங்கிக்கு மஞ்சள் தாள். பிரசாரம் முடிவதற்குள் மூன்று முறையாவது அதைச் செலவினப் பார்வையாளரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பார்வையாளர் தரப்பில், இந்த வேட்பாளரின் செலவை அவர்களே கவனித்து எழுதும் நிழல் பதிவேடு ஒன்று தனியாக இருக்கும். நாற்காலி, மைக் செட், ஜீப், டீ, வடை என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியல் வைத்திருக்கும். இரண்டு பதிவேடும் ஒத்துப்போகவில்லை என்றால் நோட்டீஸ். ரோஸ் தாளில் ரசீது இல்லாமல் எழுதிய வரியைவிட, மஞ்சள் தாளில் உங்கள் பெயரோடு வரும் வரி அந்தப் பையனைக் காப்பாற்றும்.

பணமாகக் கொடுக்காமல், "நானே டீசல் போட்டுவிடுகிறேன், நானே துண்டறிக்கை அடித்துத் தருகிறேன்" என்று சிலர் கிளம்புவார்கள். வேட்பாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் அவருக்காகத் தேர்தல் செலவு செய்வது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 176-வது பிரிவு, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். பத்து ரூபாய்க்கு மிகாத செலவை மட்டும், பத்து நாளுக்குள் வேட்பாளரிடம் எழுதி வாங்கிவிட்டால் மன்னித்துவிடுவார்கள். பத்து ரூபாய்! பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த அதே பத்து ரூபாயை, சட்டத்தின் பெயரை மாற்றியபோதும் மாற்றவில்லை. அந்தப் பணத்தில் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம், குன்னூர் பஸ் ஸ்டாண்டில் அதுவும் சந்தேகம்.

இன்னொன்று, உங்கள் பெயர் வெளியே தெரியும். வேட்பாளர் கணக்கில் நன்கொடை கொடுத்தவர் பெயரும் தொகையும் எழுத அட்டவணை உண்டு, தேர்தல் முடிந்தபின் அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். கட்சிக்குக் கொடுத்தால் அப்படி இல்லை. 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்கள் பெயரைத்தான் கட்சி தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் இலை போடும் ஃபேக்டரியில் கட்சிக்காரர்கள் யாராவது பெரிய பொறுப்பில் இருந்து, அதனால் சங்கடம் வரும் என்று தோன்றினால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். ஹட்டியில் நாலு வீட்டுக்குத் தெரிந்தால் நாற்பது வீட்டுக்குத் தெரிந்த மாதிரி.

மருமகள் விஷயத்தில் இரண்டு பேச்சு இல்லை. அரசு ஊழியர் நடத்தை விதிகள் அரசியல் கட்சிக்கோ தேர்தல் வேலைக்கோ நன்கொடை கொடுப்பதைத் தடுக்கின்றன. ஓட்டுப் போடலாம், அவ்வளவுதான். தன் இரண்டாயிரத்தை உங்கள் கையில் கொடுத்து உங்கள் பெயரில் சேர்த்துவிடலாம் என்ற யோசனை வந்திருக்கும், வேண்டாம். அவருடைய ஃபோனிலிருந்து உங்களுக்கு வந்த இரண்டாயிரமும் அதே நாளில் உங்களிடமிருந்து வேட்பாளருக்குப் போன ஏழாயிரமும் வங்கி ஸ்டேட்மென்ட்டில் பக்கத்துப் பக்கத்து வரியாக இருக்கும். யாராவது ஒரு மொட்டைக் கடிதம் போட்டால் போதும். இரண்டாயிரத்துக்காக ஒரு அரசு வேலையில் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

மகன் இந்திய பாஸ்போர்ட்டே வைத்திருந்தால், தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும், கூடாது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வேட்பாளரும் கட்சியும் அந்தப் பணத்தைத் தொடவே கூடாது என்கிறது. "அம்மா கணக்குக்கு அனுப்புகிறேன், அம்மா கொடுக்கட்டும்" என்பதும் அதே சட்டத்தில் மாட்டும். உங்கள் வீட்டுச் செலவுக்கு அவர் அனுப்புவது வேறு, அதை இதோடு கலக்காதீர்கள்.

வரிச் சலுகை கேட்டிருந்தீர்கள். பதிவு பெற்ற கட்சிக்கு ரொக்கமில்லாமல் கொடுத்தால் முழுத் தொகைக்கும் வரிக்கழிவு உண்டு, வருமான வரிச் சட்டத்தில் 80ஜிஜிசி பிரிவு என்று நாங்கள் சொல்லிப் பழகியது. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். வேட்பாளரின் சொந்தத் தேர்தல் கணக்குக்குப் போனால் கிடையாது. சுயேச்சைக்கும் கிடையாது. ஆனால் உங்களுக்கு இதெல்லாம் எதற்கு அம்மா? பச்சை இலையாக விற்கும் சிறு விவசாயியின் வருமானம் விவசாய வருமானம், அதற்கு வருமான வரியே இல்லை. இலையை வாங்கித் தேயிலைத் தூள் ஆக்குபவர்களுக்கும், சொந்தத் தோட்டத்து இலையைச் சொந்த ஃபேக்டரியில் அரைப்பவர்களுக்கும்தான் வரி கணக்கு. கட்டாத வரிக்கு எந்தக் கழிவும் வாங்க முடியாது.

இதைச் சொல்லும்போதே ஒரு எச்சரிக்கை. "ஐம்பதாயிரத்தைக் கட்சிக் கணக்கில் போடுங்கள், கமிஷன் பிடித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் திருப்பித் தருகிறோம், ரசீதை வைத்து ரீஃபண்ட் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சம்பளக்காரர்களைச் சுற்றி வரும் ஆட்கள் இருக்கிறார்கள். தேர்தலில் நிற்காத லெட்டர்பேட் கட்சிகள் இந்தத் தொழிலை நடத்தின. 2019-லிருந்து ஒரு தேர்தலிலும் நிற்காத 334 கட்சிகளை 2025 ஆகஸ்டில் தேர்தல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது, வருமான வரித் துறை அந்த ரசீதுகளைக் காட்டியவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. உங்கள் சொந்தக்காரர்களில் மாதச் சம்பளம் வாங்குபவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

சரி, என் யோசனை என்ன? ஐயாயிரத்தையும் இப்போது போட வேண்டாம். இரண்டாயிரம் கொடுங்கள். மூவாயிரத்தை ஊராட்சித் தேர்தலுக்கு எடுத்து வையுங்கள். 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் கிராம ஊராட்சித் தலைவர் பதவிக்குச் செலவு வரம்பே 34,000 ரூபாய்தான், வார்டு உறுப்பினருக்கு 9,000. அங்கே கட்சிச் சின்னமும் கிடையாது. தெருவிளக்கு, தண்ணீர், ஹட்டிக்குப் போகும் ரோடு என்று உங்கள் அன்றாடப் பிரச்சினை முக்கால்வாசி அந்த நாற்காலியில் இருப்பவர் கையில். நல்ல ஆள் ஒருவர் பணம் இல்லாமல் ஒதுங்கி நிற்கும்போது உங்கள் மூவாயிரம் அவருடைய மொத்தச் செலவு வரம்பில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு. சட்டமன்றத்துக்கு நிற்பவரின் 40 லட்சத்தில் அது எத்தனையில் ஒரு பங்கு என்று வீட்டுக்காரரையே கணக்குப் போடச் சொல்லுங்கள், அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பணத்தைவிட அந்தப் பையனுக்கு உடனே தேவைப்படுவது வேறொன்று. உங்கள் ஹட்டியில் பி.காம். படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்ணோ பையனோ இருந்தால், அந்த மூன்று நிறத் தாளை எழுத அனுப்புங்கள். முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்காவிட்டால் மூன்று வருஷம் தேர்தலில் நிற்கத் தடை வரலாம். பெரிய கட்சிக்காரர்களுக்கு என்னைப் போல் ஆள் இருக்கிறோம். சின்ன வேட்பாளர்கள் ஓட்டு எண்ணி முடிந்த அன்று சோர்ந்துபோய் வீட்டுக்குப் போனவர்கள், கணக்கை மறந்தே போகிறார்கள். அடுத்த முறை நிற்கலாம் என்று நினைக்கும்போதுதான் தகுதி போயிருப்பது தெரிகிறது.

அந்த இரண்டாயிரத்தையும் வேட்புமனுப் பரிசீலனை முடிந்த பிறகு அனுப்புங்கள். 2014 மக்களவைத் தேர்தலில் நம் நீலகிரியில் பாஜக வேட்பாளரின் மனு தள்ளுபடி ஆனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி எழுதிக் கொடுக்கும் ஏ, பி படிவங்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. ஒரு தேசியக் கட்சிக்கே அப்படி. அந்த முறை நீலகிரியில் நோட்டாவுக்கு 46,559 ஓட்டு, நாட்டிலேயே அதிகம். மனு தள்ளுபடி ஆனால் சட்டமன்றத் தேர்தலுக்குக் கட்டிய டெபாசிட் பத்தாயிரம் வேட்பாளருக்குத் திரும்பி வந்துவிடும், உங்கள் நன்கொடையைத் திருப்பித் தரச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. படிவம் ஏ, பி இரண்டும் கையில் இருக்கிறதா, யார் கொண்டுவந்து தருகிறார்கள் என்று அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது அவனிடம் கேளுங்கள். முன்மொழிபவர்கள் பத்துப் பேர் வேண்டும், அங்கீகாரம் இல்லாத கட்சி என்பதால். அதில் உங்கள் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் இருக்கலாம், அதற்குக் காசு வேண்டாம், இதே தொகுதியில் ஓட்டு இருந்தால் போதும்.